கார் கடன் சரி, கிரெடிட் கார்டு பாக்கியை எப்படிக் கடன் பத்திரமாக்கி விற்கிறார்கள்?

ஈசூன்வாசி:
இங்கே சிங்கப்பூரில் கார் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஏழு வருஷத் தவணை. அமெரிக்காவில் கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, படிப்புக் கடன் எல்லாவற்றையும் கட்டுக்கட்டாகச் சேர்த்து, அவற்றையே ஈடாக வைத்து ஏபிஎஸ் (asset-backed securities) என்று கடன் பத்திரம் போட்டு விற்கிறார்களாம். கார் கடன் புரிகிறது, மாதம் 980 வெள்ளி, 84 மாதம், முடிந்தது கதை. ஆனால் கார்டு? இந்த மாதம் முஸ்தஃபா கடையில் 300 வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறேன், அடுத்த மாதம் முழுசாகக் கட்டிவிடுகிறேன், மறுபடி தேய்க்கிறேன். நாற்பது நாளில் காணாமல் போகிற கடனை வைத்து எப்படி மூன்று வருஷம், ஐந்து வருஷத்துக்குப் பத்திரம் போடுவது? அப்புறம், என் கார் கடனையும் யாராவது இப்படி வாங்கி வைத்திருப்பார்களா?

பழைய_கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி, இதே இடத்தில்தான் நானும் முதலில் இடறினேன். வங்கி விற்பது உங்கள் கார்டு கணக்கை அல்ல, அந்தக் கணக்கில் வரவேண்டிய பாக்கியை மட்டும். பாக்கி, இதற்கென்றே தனியாக அமைத்த ஒரு டிரஸ்டுக்குப் போகும், கணக்கு வங்கியிடமே இருக்கும். நீங்கள் 300 கட்டியதும் அந்தப் பணத்தைப் பத்திரக்காரருக்குக் கொடுத்து முடிப்பதில்லை, அதை வைத்து உங்களுடைய அல்லது பக்கத்து வீட்டுக்காரருடைய புதுப் பாக்கியை டிரஸ்ட் வாங்கிக்கொள்ளும். சில வருஷம் இப்படியே சுழலும், அதுவரை பத்திரக்காரருக்கு வட்டி மட்டும்தான். கடைசி மாதங்களில்தான் அசலைச் சேர்த்துவைத்துத் திருப்புவார்கள். பண்டிகை மாதத்தில் பாக்கி உப்பும், அப்புறம் வற்றும், அந்த ஏற்ற இறக்கத்தை டிரஸ்டில் வங்கி வைத்திருக்கும் பங்கு தாங்கிக்கொள்ளும்.

ஆபத்து எங்கே என்றால், உதாரணத்துக்கு பாக்கியின் மேல் வட்டியும் கட்டணமுமாக வருஷத்துக்கு 20% வசூலாகிறது, பத்திர வட்டி 5, வாராக்கடன் 6, வசூல் வேலைக்கு 2 போனால் மிச்சம் 7. இந்த மிச்சத்தின் மூன்று மாத சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் சுழற்சி அங்கேயே நிற்கும், வருகிற பணமெல்லாம் அசலைத் திருப்பப் போகும். வங்கிக்கு அது பெரிய தலைவலி, புதுப் பாக்கிக்கெல்லாம் வேறு பணம் தேட வேண்டும்.

கார் கடனில் இந்தச் சுழற்சி பெரும்பாலும் கிடையாது. தவணை வர வர பத்திரமும் கரையும், 1985 வாக்கில் அமெரிக்காவில் ஆரம்பித்தது, கார்டு 1987-ல். யாருக்கு முதலில் பணம் என்பதுதான் மீதி விஷயம், கல்யாணப் பந்தி மாதிரி. முதல் பந்திக்காரர் வயிறாரச் சாப்பிடுவார், வட்டி குறைவு. கடைசிப் பந்திக்கு வட்டி அதிகம், ஆனால் சாம்பார் தீர்ந்தால் அவர் இலைதான் காலி.

தஞ்சோங்_பகார்_மாமா:
படிப்புக் கடன் கதை வேறு. அமெரிக்காவில் 2010 வரை வங்கிகள் கொடுத்த ஒரு வகைக்கு அரசே குறைந்தது 97% உத்தரவாதம், அதனால் வராமல் போகும் பயம் கிட்டத்தட்ட இல்லை. பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது, பையன்கள் கட்டும் வேகம் குறைந்துவிட்டது. வருமானத்துக்கு ஏற்ப தவணை, தள்ளிவைப்பு என்று போனதில், முதிர்வுத் தேதிக்குள் அசல் வந்து சேருமா என்ற சந்தேகத்தில் 2015-ல் மூடிஸ், ஃபிட்ச் என்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இரண்டும் பல பத்திரங்களின் தரத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தன.

பாசிர்_ரிஸ்_அக்கா:
எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லேமன் மினிபாண்டு வாங்கி, 2008-ல் அந்த அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது என் சித்தப்பா பட்டது போதும், சனிக்கிழமை ஹோங் லிம் பார்க்கில் நடந்த முறையீட்டுக் கூட்டத்தில் போய் நின்றவர். கட்டு, பந்தி என்று யார் பேசினாலும் எனக்கு வயிறு கலங்கும்.

பழைய_கணக்குப்பிள்ளை:
வருத்தம் புரிகிறது அக்கா, ஆனால் அது இந்த வகை இல்லை. மினிபாண்டுக்குள் யாருடைய கார் தவணையும் கிடையாது, சில பெரிய நிறுவனங்கள் கடனில் தவறுமா தவறாதா என்பதன் மீது கட்டிய ஒப்பந்தம், அதற்கு எதிர்த்தரப்பாக நின்ற லேமனே விழுந்ததால் மொத்தமும் சரிந்தது.

ஈசூன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இங்கே வங்கிகளிடம் வைப்புத்தொகை தாராளம், கடனைக் கட்டி விற்கும் அவசியம் குறைவு. டிபிஎஸ் வங்கி 2015-ல் வீட்டுக் கடன்களை ஈடாக வைத்துப் பத்திரம் போட்டது, ஆனால் அதில் வங்கியும் பொறுப்பு, வீட்டுக் கடன்கள் அதன் கணக்கிலேயே இருக்கும். பந்தி முறையை நம் ஊரில் நேரில் பார்க்க வேண்டுமானால் அஸ்திரியா (Astrea) என்ற பத்திரத்தைப் பாருங்கள், 2018-ல் ஏடிஎம்-மில் வரிசை கட்டி 4.35%-க்கு விண்ணப்பித்தோமே அதேதான். ஈடு மட்டும் தனியார் பங்கு முதலீடு, அதாவது பெரும்பாலும் பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களில் போட்ட பணம்.

ஈசூன்வாசி:
அப்போ முழுசாகக் கட்டிவிடுகிற என்னைப் போன்றவனால் அந்தக் கட்டுக்கு லாபமே இல்லையா?

பழைய_கணக்குப்பிள்ளை:
யார் சொன்னது? நீங்கள் தேய்க்கும்போது கடைக்காரர் தரும் கமிஷனில் ஒரு பங்கை அமெரிக்கக் கார்டு டிரஸ்டுகளில் பல வரவாகவே சேர்க்கின்றன. அதோடு மாதாமாதம் பாக்கியில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்பதையும் தர நிறுவனங்கள் பார்க்கும், ஏதாவது கோளாறு என்றால் அசல் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் என்பதை அதுதான் சொல்லும். அந்தக் கணக்கில் உங்கள் 300 வெள்ளி மாதிரியானவைதான் எண்ணைத் தூக்கிப் பிடிக்கும்.