தாத்தா எந்தக் கப்பலில் இருந்தார்? வழி சொல்லுங்களேன்

வணக்கம். என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியக் கடற்படையில் அதிகாரி. கையில் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். கோட்டுக் கையில் நெளிநெளியாக இரண்டு தங்கப் பட்டைகள். நெளிவு என்றால் தன்னார்வ ரிசர்வ் (முழுநேரக் கடற்படையினர் அல்லாத, தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் பிரிவு), இரண்டு பட்டை என்றால் லெப்டினன்ட் என்பது வரை கண்டுபிடித்துவிட்டேன்.

1942 நவம்பரில் இரண்டு ஜப்பானியக் கப்பல்களோடு மோதிய 'பெங்கால்' கப்பலில் இருந்தார் என்று பெரிய மாமா அடித்துச் சொல்கிறார் (மாமா கொஞ்சம் கதை கட்டுவார்). பாட்டியோ, 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைக் கலகம் வெடித்தபோது 'தல்வார்' சிக்னல் பள்ளியில் இருந்தார் என்பார்.

சரி, எங்கே தேடுவது? லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (அந்தக் கால பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்த துறை) ஆவணங்களிலா, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலா? பணி எண் இல்லாமல் பதிவேடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.