மறு: ரோஸ்டர், மூவ்செட் - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம், சண்டை கேமில் நாம் தேர்ந்தெடுத்து ஆடக் கிடைக்கும் பாத்திரங்கள் அனைவரும் சேர்ந்தது ரோஸ்டர், ஒரு பாத்திரம் போடும் அடிகளும் வித்தைகளும் சேர்ந்தது மூவ்செட். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுக்கு என் பதில் இது.

> ரோஸ்டருக்கு 'நட்சத்திரப் பட்டியல்' போதுமே. பல கேம்களில் புகழ்பெற்றவர்களைத்தானே ஒன்றாகச் சேர்த்து மோதவிடுகிறார்கள்?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. புகழ்தான் தகுதி என்று அந்தச் சொல்லே முடிவுகட்டிவிடுகிறது. பல கேம்களின் பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த அதன் அல்டிமேட் பதிப்பில், பின்னால் தனியாகக் காசுக்கு விற்ற பாத்திரங்களையும் சேர்த்தால் 89 பேர். மாரியோ இருக்கிறார், சரி. மாரியோ கேமில் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கடிக்குமே, அந்தப் பிரான்ஹா செடியும் இருக்கிறது! அதை யார் நட்சத்திரம் என்பார்கள்? ஆனால் களத்தில் இறக்கினால் முள்ளுருண்டையை வாயால் ஊதி மிதக்க விடுகிறது, நஞ்சுப் புகை கக்குகிறது, தண்டை நீட்டிக் கடிக்கிறது. வேறு யாரும் அப்படி ஆடுவதில்லை.

அனிமல் கிராசிங் கிராமவாசியை நினைத்துப் பாருங்கள். மீன் பிடித்து, மரம் நட்டு, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பொழுதைப் போக்கும் கேம் அது, சண்டையே கிடையாது. ஸ்மாஷ் பிரதர்ஸின் இயக்குநர் சகுராயும் முதலில் இவர் சண்டைக்கு ஒத்துவர மாட்டார் என்றுதான் ஒதுக்கிவைத்தார். 2014-இல் சேர்த்தபோது வெளியிலிருந்து கத்தியோ துப்பாக்கியோ கொடுக்கவில்லை. பூச்சி பிடிக்கும் வலையால் எதிரியைப் பிடிக்கிறார், விதை போட்டுத் தண்ணீர் ஊற்றி மரம் வளர்த்து அதைக் கோடரியால் வெட்டி எதிரி தலையில் சாய்க்கிறார், தன்மேல் எறிந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்புறம் இன்னும் பலமாகத் திருப்பி எறிகிறார். தன் கேமில் தினமும் செய்கிற வேலையே அடியாக மாறுகிறது, இதைவிட நல்ல தகுதி வேறென்ன வேண்டும்? 2020-இல் வந்த மைன்கிராஃப்ட் ஸ்டீவும் அப்படித்தான். நிலத்தைத் தோண்டிப் பொருள் சேர்த்தால்தான் அவருக்கு நல்ல கருவி, கருவி தேய்ந்து உடைந்தால் மறுபடி கருவி செய்யும் மேசைக்குப் போக வேண்டும். கேப்காம் நிறுவனத்தின் கேம்கள் பக்கம் போனால் வழக்கறிஞர் பீனிக்ஸ் ரைட், 2011-இல் வந்த அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3-இல் சாட்சியப் பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்த பிறகே முழு பலம் பெறுகிறார்.

எனவே முதலில் மூவ்செட்டுக்குச் சொல் வேண்டும், அது அமைந்தால் மற்றது தானாக வரும். என் பரிந்துரை கைவரிசை. குத்துவரிசை என்று நம் சண்டைக்கலைக்கே பெயர் இருக்கிறது, 'கைவரிசையைக் காட்டினான்' என்று அன்றாடம் பேசுகிறோம்.

> திருடர்கள் கைவரிசை என்றுதானே செய்தித்தாளில் போடுகிறார்கள்? போகட்டும், செடிக்குக் கை ஏது?

செய்தித்தாள் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவர் தேர்ச்சி பெற்ற வித்தை என்ற பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கைக்கு வருவோம். யானையைக் கைம்மா என்று அழைத்த மொழி இது, துதிக்கை கையாகலாம் என்றால் தண்டும் ஆகலாம்.

ரோஸ்டருக்கு களத்தார். ஊரார், சபையார் போல. 'இந்தக் கேமின் களத்தார் யார் யார்?' என்று கேட்டால் உறுத்தவில்லை. பல கேம்களிலிருந்து வந்து கூடுவதைக் கூட்டுக்களம் என்றால், கிராஸ்ஓவர் ரோஸ்டர் கூட்டுக்களத்தார். பட்டியல் என்ற அலுவலக வாடை இதில் இல்லை.

இன்னொருவரின் அடிகளையே பெரும்பாலும் கொண்டு ஆடும் ஸ்மாஷ் பாத்திரத்தை எக்கோ ஃபைட்டர் என்கிறார்கள். அதை 'எதிரொலி வீரர்' என்று அப்படியே பெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. டெய்ஸிக்குப் பீச்சின் அடிகளையே கிட்டத்தட்ட அப்படியே கொடுத்திருக்கிறார்கள், கென்னோ ரியூவின் கைவரிசையைக் கொஞ்சம் மாற்றி ஆடுகிறார். கேட்பவருக்கு ஒலி நினைவுக்கு வரக்கூடாது, ஒப்புமைதான் வர வேண்டும். சாயலர் என்று யோசித்தேன், ஆனால் கென்னுக்கு அது கொஞ்சம் குறைத்துச் சொல்வது போலவும் படுகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.