ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்கு: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடக்கம்

சுற்றுச்சூழல் மாற்றத்தை ஆராயும் நம்மவர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வேலை செய்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும், அந்த ஆய்வுகள் எப்படி உருவாகின, யார் தங்கள் கட்டுரைகளில் மேற்கோளாக எடுத்தாண்டார்கள் என்று நேரில் கண்டதை எழுதுங்கள்.

குளுகோர் உறுப்பினர்

ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். நாங்கள் ‘டாக்டர்’ என்றே கூப்பிடும் அந்த அம்மா, அலையாத்திக் காட்டுச் சேற்றில் கரிமம் எவ்வளவு படிகிறது என்று ஆராய்பவர்.

பாலிக் பூலாவ் பக்கம் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவோம். முழங்கால் வரை சேறு. பிவிசி குழாயை அடித்து இறக்கியதும், மேல்வாயைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் முழுதும் வழுக்கிக் கீழேயே நின்றுவிடும். ஆய்வகத்தில் அதை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டி, உலர்த்தி, அரைத்து, ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து வயது பார்ப்போம். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 22 ஆண்டு. அதனால் கடந்த நூறு ஆண்டுக்குச் சற்று மேலான படிவு வரைக்கும் கணக்குச் சொல்லலாம். வேலை மெதுவாகத்தான் நகரும். அவர் கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் சேற்றில் இறங்கி எழுதியது.

பதவி உயர்வு நேரத்தில், ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் காட்டிய அவருடைய எச்-இன்டெக்ஸ் எண்ணை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் கட்டுரைகள் மூன்று பேருடையதாகப் பிரிந்து கிடந்தன. ஒன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருந்தது. இன்னொன்றில் ‘மகள்’ என்று பொருள்படும் ‘ஏ/பி’யும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் முதலெழுத்து மட்டும்.

2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்ததுதான் எச்-இன்டெக்ஸ். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை எடுத்தாளப்பட்டிருந்தால் எண் 10. அதே பத்தும் இரண்டு பெயரில் ஐந்தைந்தாகப் பிரிந்தால் எந்தப் பெயரிலும் 5-ஐத் தாண்டாது. உழைப்பு அதேதான், பாதி காணாமல் போய்விடும். கோப்பைப் பார்த்த யாரும் இதைக் கேட்கவில்லை. அந்த முறை அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வேதனைதான்.

பிறகு நானும் அவரும் உட்கார்ந்து, கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மூன்றையும் இணைக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு விண்ணப்பித்தோம். இணைத்துக் கொடுத்தார்கள்.

செந்தூல் உறுப்பினர்

எனக்கு மேற்கோள் என்றாலே புகைமூட்டம்தான் ஞாபகம் வரும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரகாலம் அறிவித்தார்களே, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தார். சூசன் பேஜும் சக ஆய்வாளர்களும் 2002-இல் நேச்சர் இதழில் எழுதியது. 1997-இல் இந்தோனேசியாவில் கரிநிலமும் (பாதி மக்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு நிலம்) காடும் எரிந்து வெளியேறிய கரிமம் 0.81 முதல் 2.57 கிகா டன் வரை என்று மத்திய கலிமந்தான் அளவீடுகளை வைத்துக் கணித்தார்கள். அன்றைய உலகப் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் ஓராண்டுக்கு அது 13 முதல் 40 விழுக்காடு.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அசைன்மென்டில் ‘40 விழுக்காடு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். சார் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கே, அது ஏன்னு எழுதிக் கொண்டு வாங்க” என்றார். எரிந்த கரிமண்ணின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அதை விண்கோள் படத்தில் பார்க்க முடியாது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தக் கட்டுரை புரிந்தது. மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரை அது. ஆனால் எடுத்தாள்கிற எல்லோரும் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று இப்போதும் பார்ப்பேன்.

பட்டர்வொர்த் உறுப்பினர்

குளுகோர் அக்கா, என் தங்கை முதுகலை முடித்து முதல் கட்டுரை அனுப்பப் போகிறாள். அவளும் அலையாத்திதான். பெயரை எப்படிப் போடச் சொல்வது?

குளுகோர் உறுப்பினர்

தம்பி, எப்படிப் போட்டாலும் சரி, முதல் கட்டுரையில் போட்டதையே கடைசி வரை போடச் சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பிறகும் மாற்ற வேண்டாம். ஆர்சிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை இப்பவே எடுக்கச் சொல்லுங்க. 16 இலக்கம், காசு கிடையாது, பெயர் எப்படி அச்சானாலும் ஆளை அதை வைத்து அடையாளம் காணலாம். கட்டுரையை அனுப்பும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டும். அச்சுப்படி வந்ததும் ‘ஏ/பி’ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. வெளியான பிறகு திருத்தம் கேட்டு அலைவது பெரிய பாடு.