இடம் மாற்றிய வேர்ட்பிரஸ் தளத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகள் சிதைந்து தெரிகின்றன

கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் அகப்பக்கம் 2006ஆம் ஆண்டு முதல் வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் இயங்கி வருகிறது. லயங்களை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு)க் குடிபோனவர்கள் திருவிழா அறிவிப்பையும் பழைய படங்களையும் அதில்தான் பார்க்கிறார்கள். அண்மையில் தளத்தை வேறொரு வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்றினோம். அதன் பிறகு பழைய கட்டுரைகள் அனைத்தும் தொப்பி வைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரிகின்றன. புதிதாக எழுதிய தீமிதி அறிவிப்போ சேமித்தவுடன் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. கட்டுரைகளை மீட்க முடியுமா?

ஈப்போ நிரலர்:
பழையவற்றை முழுமையாக மீட்கலாம், ஐயா. அவற்றைத் திறந்து திருத்தவோ மறுபடி சேமிக்கவோ மட்டும் வேண்டாம்.

தரவுத்தளத்தின் எழுத்து முறையைக் குறிக்கும் வரி, 2007இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.2இல்தான் அமைப்புக் கோப்பில் (wp-config.php) சேர்க்கப்பட்டது. அதற்கு முன் தொடங்கிய தளங்கள் பலவற்றில், தரவுத்தள அட்டவணை 'லத்தீன்1' (மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறை) என்று குறிக்கப்பட்டிருக்க, அதற்குள் யூடிஎஃப்-8 (எல்லா மொழிகளுக்குமான முறை) தமிழ் சென்று அமர்ந்திருக்கும். சேமிக்கும்போதும் எடுக்கும்போதும் அதே தவறு நடந்தவரை எழுத்துகள் ஒழுங்காகவே தெரிந்தன. புதிய வழங்கியின் அமைப்புக் கோப்பு யூடிஎஃப்-8 என்று கேட்பதால், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணி மாற்றித் தருகிறது. புதிய அறிவிப்பின் கதை வேறு: லத்தீன்1இல் தமிழுக்கு இடமில்லாததால், உள்ளே போகும்போதே அது கேள்விக்குறியாகிவிட்டது. அதை மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

முழுக் காப்புநகல் எடுத்துக்கொண்டு, அமைப்புக் கோப்பில் அந்த வரியை 'லத்தீன்1' என்று மாற்றிப் பாருங்கள்.

தைப்பிங் வாசகர்:
தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் அட்டவணையை யூடிஎஃப்-8க்கு மாற்றும் தேர்வு இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா?

ஈப்போ நிரலர்:
கூடவே கூடாது. அது சிதைந்த தோற்றத்தையே உண்மை எழுத்தாகக் கொண்டு இரண்டாம் முறை குறியாக்கம் செய்துவிடும். அட்டவணையில் உரை இருக்கும் நெடுவரிசையை முதலில் 'பிளாப்' (வெறும் பைட்டுகளாக வைக்கும்) வகைக்கு மாற்ற வேண்டும்; அப்போது மைஎஸ்க்யூஎல் பைட்டுகளில் கைவைக்காது. பிறகு அதையே 'யூடிஎஃப்8எம்பி4' (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) உரை வகைக்கு மாற்றி, அமைப்புக் கோப்பிலும் அதையே எழுத வேண்டும். இதை நகல் தளத்தில் செய்து பார்த்த பின்னரே உண்மைத் தளத்தில் செய்யுங்கள்.

கோயில் செயலாளர்:
மிக்க நன்றி. அந்த வரியை மாற்றியவுடன் பழைய கட்டுரைகள் திரும்பிவிட்டன. நெடுவரிசை மாற்றத்தைத் திருவிழா முடிந்த பிறகு செய்யவிருக்கிறோம். தலைப்புகள் சிதைந்திருந்த நேரத்திலும் இணைப்புகள் மட்டும் வேலை செய்தது எப்படி? சில இணைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டும் இருக்கின்றன.

ஈப்போ நிரலர்:
இணைப்புப் பெயரை வேர்ட்பிரஸ் தமிழாகச் சேமிப்பதில்லை; விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகவே சேமிக்கிறது, அதனால் அது சிதையவில்லை. வெட்டுப்படுவதற்கும் அதுவே காரணம். அந்த இடத்தில் இத்தகைய 200 எழுத்துகள் மட்டுமே அடங்கும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது வேண்டும், உயிர்மெய்யில் மெய்க்கும் துணைக்குறிக்கும் தனித்தனிக் கணக்கு. 'மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழா' என்ற தலைப்பு 'தீமிதி' என்பதோடு நின்றுவிடும். இனி எழுதுபவற்றுக்கு ஆங்கில எழுத்தில் சிறு பெயரை நீங்களே இடுங்கள். பழையவற்றைத் தொட வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் பரவியிருக்கும் இணைப்புகள் அறுந்துபோகக்கூடும்.