கல்வி உளவியல்: கொலிஜில் தொடங்கி கனடா யூனிவர்சிற்றிக்கு மாறலாமா?

கோண்டாவில்25:
வணக்கம். ஏ.எல். கலைப்பிரிவு, தமிழ் மொழிமூலம், 2ஏ பி. கல்வி உளவியல் படிக்க விருப்பம். வன்கூவரில சித்தி இருக்கிறா. முதல் 2 வருசம் கொலிஜில படிச்சுப்போட்டு யூனிவர்சிற்றிக்கு மாறினால் செலவு குறையும் எண்டு சொல்லுறா. இங்க ஒரு ஏஜென்சியில கேட்டால் "எந்தப் பாடம் எடுத்தாலும் மாத்தலாம்" எண்டுறாங்கள். உண்மையோ? எங்க பிழை வரும்?

கிரெடிட்கணக்கு:
சித்தி சொல்லுறது சரி. ஏஜென்சி சொல்லுறது அரைவாசிதான் சரி. பாடம் மாறும், என்னவாக மாறும் எண்டதில்தான் எல்லாம் இருக்கு. (முதலில ஒண்டு: எங்கட ஊரில கல்லூரி எண்டால் பள்ளிக்கூடம். அங்க கொலிஜ் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு வருவது. வீட்டில விளங்கப்படுத்துங்கோ.)

பிரிட்டிஷ் கொலம்பியாவில "பிசி ட்ரான்ஸ்பர் கைட்" எண்ட இணையத்தளம் இருக்கு, இலவசம். டக்ளஸ், லங்காரா மாதிரி ஒரு கொலிஜின் பெயர், பாட இலக்கம், போக நினைக்கிற யூனிவர்சிற்றி மூண்டையும் குடுத்தால் ஒரு வரி வரும். அதின்ர வலப்பக்கத்தை வடிவா வாசியுங்கோ. "சைக் 201" (சைக் எண்டால் உளவியல் பாடக் குறியீடு) எண்டு முழு இலக்கம் நிண்டால் யூனிவர்சிற்றியின் அந்தப் பாடத்தையே முடிச்சதாகக் கணக்கு. அதை முன்தேவையாக (முதலில முடிச்சிருக்க வேண்டியதாக) கேட்கிற பாடங்களுக்கு நேரே போகலாம். "சைக் 2எக்ஸ்எக்ஸ்" எண்டு நிண்டால் 3 கிரெடிட் (பாடத்துக்குக் குடுக்கிற அளவுப் புள்ளி) மட்டும்தான். மொத்தத்தில சேரும், முன்தேவையாக நிக்காது. அதே பாடத்தைத் திரும்பக் காசு கட்டிப் படிக்க வேண்டிவாறது இதாலதான். சில வரிகளில ரெண்டு கொலிஜ் பாடம் சேர்ந்துதான் அங்க ஒரு பாடமாகும். ஒண்டை எடுத்து மற்றதை விட்டால் அந்த இலக்கம் கிடைக்காது.

அதனால பின்னுக்கிருந்து கணக்குப் போடுங்கோ. சைமன் பிரேசர் யூனிவர்சிற்றியை எடுத்துக்கொண்டால் பட்டத்துக்கு 120 கிரெடிட், கொலிஜிலிருந்து கொண்டுபோகக்கூடியது 60. உளவியல் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துறைக்கு) கீழ்மட்டத்தில சைக் 100, 102, ஆய்வு முறை 201, தரவுப் பகுப்பாய்வு 210. கல்வி உளவியல் அங்க மைனர் (துணைப் பாடத்துறை). அறிமுகப் பாடம் கல்விப் பீடத்துக்குரிய எடியூக் 220. உளவியல் பட்டியலுக்குள்ள தேடிப்போட்டு "இல்லை" எண்டு விடுற பிழை இங்கதான் வாறது.

கலைப்பிரிவு ஆக்கள் புள்ளிவிபரவியலை (மேல சொன்ன தரவுப் பகுப்பாய்வு) கடைசித் தவணைக்குத் தள்ளுவினம். தள்ளாதேங்கோ. அது முடியாமல் அதுக்கு மேல உள்ள ஆய்வுப் பாடங்களுக்கு இடம் கிடையாது. கணிதத் துறையில எடுக்கிற புள்ளிவிபரவியல் உளவியல் இலக்கமாக மாறுமோ எண்டும் கைட்டில பாருங்கோ.

கோண்டாவில்25:
நன்றி அண்ணா. அசோசியேட் டிகிரி எண்டு ஒண்டு இருக்காமே, அதை எடுத்தால் பாதுகாப்போ?

கிரெடிட்கணக்கு:
அது கொலிஜில ரெண்டு வருசத்தில எடுக்கிற பட்டம், 60 கிரெடிட்டையும் ஒரு கட்டாகக் கொண்டுபோக நல்ல வழி. ஆனால் மேஜரின் முன்தேவைகளை அது நிரப்பாது, அதுகளைப் பார்த்துத்தான் உள்ளுக்குள்ள பாடங்களைத் தெரிவுசெய்யவேணும். அசோசியேட் ஒஃப் ஆர்ட்ஸ் எண்டாலும் 9 கிரெடிட் விஞ்ஞானம் இருக்கு, அதில ஒரு பாடம் ஆய்வுகூடத்தோட. ஏ.எல். இல புவியியல் செய்திருந்தால் பௌதிகப் புவியியல் அந்த இடத்துக்குச் சரிவருமோ எண்டு கொலிஜ் ஆலோசகரிட்டக் கேளுங்கோ, உங்களுக்குச் சுகமாக இருக்கும். 18 கிரெடிட் இரண்டாம் வருட மட்டத்தில இருக்கவேணும்.

வேகத்தையும் பாருங்கோ. தவணைக்கு 5 பாடம் எண்டால் 15 கிரெடிட், 4 தவணையில 60. தமிழ் மொழிமூலத்தால போறவைக்கு முதல் தவணையில 4 பாடம் போதும். வாசிப்பும் ஏபிஏ முறைக் (உளவியலில பாவிக்கிற மேற்கோள் முறை) கட்டுரைகளும்தான் ஆளை அமத்தும். தொடர்ந்தும் 4 பாடமே எண்டால் 5 தவணை. அந்த மேலதிகத் தவணைக்கும் வாடகை இருக்கு.

அனுமதிப்பத்திரம்:
ஒருவரும் சொல்லாத ஒன்று. முன்பு கொலிஜிலிருந்து யூனிவர்சிற்றிக்கு மாறும்போது இணையக் கணக்கில் நிறுவனத்தை மாற்றினால் போதும். 2024 நவம்பர் 8 இலிருந்து புதிய கல்வி அனுமதிக்கு (ஸ்டடி பெர்மிட்) விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் மாறுவதால் மாகாண அத்தாட்சிக் கடிதமும் (மாகாண ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்ற கடிதம்) திரும்பத் தேவை. யூனிவர்சிற்றி இடம் தந்ததும் அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள். பழைய அனுமதி முடியும் வரை காத்திருந்தால் தவணை தவறும்.

முதல் விண்ணப்பத்துக்குக் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவு, தனி ஆளுக்கு, 2025 செப்டெம்பர் 1 இலிருந்து 22,895 கனடிய டொலர். முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் இதற்குள் அடங்காது. நகை அடகு வைத்தோ காணி விற்றோ வந்த பணம் என்றால் பற்றுச்சீட்டு, உறுதி எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். விளக்கம் இல்லாமல் வங்கிக் கூற்றில் திடீரென்று ஏறிய பெருந்தொகையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்று: பட்டம் முடிக்காமல் கொலிஜ் தகைமையோடு நிறுத்தினால், 2024 நவம்பர் 1 இலிருந்து கல்வி அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் படிப்புக்குப் பின்னான வேலை அனுமதி குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே. இளமாணி முடித்தவர்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. நடுவழியில் நிறுத்தும் எண்ணம் இருந்தால் இந்தப் பாதையே வேண்டாம்.

வகுப்பறை:
இளமாணியோட பாடசாலை உளவியலாளராக முடியாது, அதுக்கு முதுமாணி வேணும். யூபிசியில (பிரிட்டிஷ் கொலம்பியா யூனிவர்சிற்றி) பாடசாலை உளவியல் இருக்கிறது முதுமாணி, கலாநிதி மட்டத்திலதான். அங்க இடம் எடுக்க நல்ல புள்ளியோட ஆய்வு அனுபவமும் பேராசிரியர்களின் பரிந்துரையும் வேணும். மாறிப் போறவைக்கு யூனிவர்சிற்றியில ரெண்டு வருசம்தான் கிடைக்குது, அதால மூண்டாம் வருசத்திலயே ஒரு ஆய்வுகூடத்தில தன்னார்வமாகச் சேரப் பாருங்கோ. பிள்ளைகளோட வேலை செய்யிறதுதான் ஆசை, பரிசோதனை, அளவீடு வேண்டாம் எண்டால் கோப்பாயில இருக்கிற யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியையும் (ஆசிரியர் பயிற்சி) யோசியுங்கோ: 2 வருசம் உள்ளுக்க, 1 வருசம் பாடசாலையில பயிற்சி. அங்கயும் கல்வி உளவியல் இருக்கு.

கிரெடிட்கணக்கு:
விட்டுப்போச்சு. ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு பாடத்தின்ர விபரத்தையும் (வாராந்தத் தலைப்பு, பாடநூல், புள்ளிப் பங்கீடு) பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கோ. கைட்டில இல்லாத பாடத்தை யூனிவர்சிற்றி மதிப்பிடேக்க அதைத்தான் கேட்கும்.