புதுப்பிப்பு: உள்ளே போன முன் பம்பரும் பூட்டாத பானெட்டும் சரியாகிவிட்டன

கார் தூணில் மெதுவாக இடித்ததில் முன் பம்பரின் இடது பக்கம் அமுங்கிவிட்டது, பானெட்டும் பூட்ட மறுக்கிறது, வீட்டிலேயே சரிசெய்ய வழியுண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பம்பருக்குக் கைகொடுத்தது வெந்நீர் யோசனைதான். ஹேர் டிரையர் ஓரிடத்தை மட்டுமே சூடாக்கியது. கொதிக்கும் நீரை அமுங்கிய இடம் முழுக்க ஊற்றி, தடித்த கையுறையோடு உள்பக்கமிருந்து தள்ளியதும் டப்பென்று வெளியே வந்தது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றியதில் வடிவம் நின்றது. சாய்வாகப் பார்த்தால் மெல்லிய மடிப்புக் கோடு தெரிகிறது, போகட்டும். பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும்தான் இது, தகரத்திடம் பலிக்காது.

பானெட்டுக்கு, பூட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்தச் சொன்னவர் சொன்னதே சரி. பழைய இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு நகர்த்துங்கள். அப்புறம் இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி பிடிக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

எதிர்பாராதது ஹெட்லைட். கண்ணாடியில் கீறல்கூட இல்லை, ஆனால் பம்பரைக் கழற்றியபோது லைட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் காது ஒன்று முறிந்திருந்தது. சுவரில் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் இடது ஒளி மேலே ஏறியிருந்தது. எப்பாக்ஸி வைத்து ஒட்டி, காய்ந்தபின் லைட்டின் உயரத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்பி ஒளியை இறக்கினேன். ரேடியேட்டரில் கசிவில்லை.

பம்பர் கிளிப்புகள் கழற்றும்போதே உடைகின்றன. புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.