புதுப்பிப்பு: நிகழ்வும் வேணும், கேமும் முடியணும்

கேம் பண்ற அஞ்சு பேர் டீம், தன் கேமைக் காட்டுற நிகழ்வு மாசத்துக்கு எத்தனை தாங்கும்னு முன்னாடி கேட்டிருந்தேன். இப்போதைய பதில்: ஒண்ணு, அதுவும் ரிலீஸ் மாசத்துல வேண்டாம்.

நிகழ்வு நடக்குற ரெண்டு நாளை மட்டும் கணக்கு போடுறதுதான் தப்பு. டெமோ பில்டு (ஆடிப் பார்க்கக் கொடுக்குற பதிப்பு), டிரெய்லர், பிறகு வந்து குவியுற பக் (கோளாறு) ரிப்போர்ட்டைப் பிரிக்கிறதுன்னு ஒரு வாரம் ஓடிடும்.

நிகழ்வுக்கு 14 நாள் முன்னாடியே டெமோவுக்குத் தனி பிராஞ்ச் (கோடோட தனிக் கிளை) போட்டுடுங்க. அதுல பக் ஃபிக்ஸ் மட்டும். புது ஃபீச்சர் எல்லாம் மெயின் பிராஞ்ச்லயே இருக்கட்டும். நிகழ்வு முடிஞ்சதும் அந்த ஃபிக்ஸ்களை மெயினுக்கு மெர்ஜ் பண்ண (சேர்க்க) மறந்தா, அதே கிராஷ் அடுத்த மாசம் திரும்ப முளைக்கும்.

கேம் விக்குற ஸ்டீம் தளம் வரப்போற கேம்களோட டெமோக்களுக்காக நடத்துற ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்ல ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்புதான். அரைகுறை டெமோவோட போய் அதை வீணாக்காதீங்க.

பிளேயர்கள் பேசுற டிஸ்கார்டு சாட்ல பதில் சொல்ல வாரம் ஒருத்தர்னு முறை வைங்க. புரோகிராமர் முறை வர்ற வாரம், அவர் தலையில பெரிய வேலை ஏத்தாதீங்க.